பத்தாம் வகுப்பு நீச்சல் மாணவியும் கல்லூரி அணியும்: கோச் போடும் கணக்கு என்ன?

கேள்வியின் சுருக்கம் இது. அமெரிக்காவில் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். 2028-ல் பள்ளி முடிப்பாள். யார்டு குளத்தில் 50 ஃப்ரீஸ்டைல் 23.4, 100 ஃப்ரீஸ்டைல் 50.6, 200 ஃப்ரீஸ்டைல் 1:49.8. பள்ளி அணியில் அவள்தான் முதலிடம். ஆனால் எந்தக் கல்லூரி கோச்சும் இதுவரை ஒரு வரி எழுதவில்லை. தாமதமாகிவிட்டதா? என்ன செய்யவேண்டும்? ஸ்காலர்ஷிப் கிடைக்குமா?

தாமதமாகவில்லை. கோச்சுகள் எழுதாததற்குக் காரணம் விதி. கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்சிஏஏ-வின் முதல் டிவிஷன் (மேல்நிலைப் பிரிவு) நீச்சலில், பத்தாம் வகுப்பு முடிந்து வரும் ஜூன் 15-ஆம் தேதிக்கு முன் கோச் உங்கள் மகளிடம் சேர்க்கை பற்றிப் பேசக்கூடாது. மின்னஞ்சல், குறுஞ்செய்தி, தொலைபேசி எதுவும் கூடாது. நீங்களே அழைத்தாலும் அவர் பேசமாட்டார். கேள்விப்படிவம், கோடைக்கால முகாம் அறிவிப்பு போன்றவற்றை மட்டும் அனுப்பலாம். உங்கள் மகளுக்கு அந்த நாள் 2026 ஜூன் 15. கல்லூரிக்கு நேரில் போய்க் கோச்சுடன் உட்கார்ந்து பேச 2026 ஆகஸ்ட் 1 வரை காத்திருக்கவேண்டும். அதுவரை அவர்கள் பேசமாட்டார்களே தவிர, பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். எனவே இந்த மாதங்களில் நீங்கள் எதை அவர்கள் கண்ணில் படவைக்கிறீர்கள் என்பதே முக்கியம்.

அதற்கு முன் கோச் எப்படி யோசிக்கிறார் என்பதைப் புரிந்துகொள்ளவேண்டும். பெற்றோர் பெரும்பாலும் நேரத்தைப் பார்க்கிறார்கள், மாநில ரேங்க்கைப் பார்க்கிறார்கள். கோச் பார்ப்பது புள்ளியை. பிப்ரவரியில் நடக்கும் கான்ஃபரன்ஸ் (தங்களுக்குள் போட்டியிடும் கல்லூரிகளின் குழு) சாம்பியன்ஷிப்பில் இந்தப் பெண் என் அணிக்கு எத்தனை புள்ளி எடுப்பாள் என்ற ஒரே கேள்வியைத்தான் அவர் நூறு பெயர்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். எஸ்இசி, ஏசிசி, பிக் டென், ஐவி லீக் போன்ற கான்ஃபரன்ஸ்களில் முதல் 24 இடங்களுக்குப் புள்ளி உண்டு. முதலிடத்துக்கு 32, எட்டாமிடத்துக்கு 22, ஒன்பதாமிடத்துக்கு 20, பதினாறாமிடத்துக்கு 11, பதினேழாமிடத்துக்கு 9, இருபத்துநான்காமிடத்துக்கு 1. காலைச் சுற்றில் 25-வதாக வந்தவளுக்கு ஒன்றுமில்லை. ரிலேக்கு இதெல்லாம் இரட்டிப்பு: வென்றால் 64. தேசிய சாம்பியன்ஷிப்பில் முதல் 16 இடங்களுக்கு மட்டுமே புள்ளி. அங்கே முதலிடத்துக்கு 20, ரிலே வெற்றிக்கு 40.

இந்தக் கணக்கை நீங்களே வீட்டில் போடலாம், போடவும் வேண்டும். ஒரு கல்லூரியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கான்ஃபரன்ஸின் சென்ற ஆண்டு முடிவுகள் இணையத்தில் முழுதாக இருக்கும். 100 ஃப்ரீஸ்டைலில் 8-வது, 16-வது, 24-வது இடங்களின் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 50-க்கும் 200-க்கும் அதையே செய்யுங்கள். பக்கத்தில் மகளின் நேரத்தை எழுதுங்கள். எஸ்இசி, ஏசிசி போன்ற பெரிய கான்ஃபரன்ஸ்களில் 100 ஃப்ரீயில் மாலைச் சுற்றுக்குள் நுழையவே 49 விநாடியை ஒட்டி நீந்தவேண்டும். தேசியப் போட்டிக்கு அழைப்பு வர 48 விநாடியை ஒட்டி. 50.6 அங்கே இன்று புள்ளி இல்லாத நேரம். அதே 50.6 பேட்ரியட் லீக், அட்லாண்டிக் 10 போன்ற கான்ஃபரன்ஸ்களில் பெரும்பாலும் இறுதிச் சுற்றுக்குள் நிற்கும். ஒரு கான்ஃபரன்ஸில் 9-வது, 12-வது, 12-வது இடங்களைப் பிடிப்பவள் 20, 15, 15 என்று 50 புள்ளி கொண்டுவருகிறாள். அவளே வேறொரு கான்ஃபரன்ஸில் மூன்று பந்தயத்திலும் காலையோடு வெளியேறிப் பார்வையாளர் வரிசையில் உட்காருவாள். நீந்துபவள் ஒருத்திதான், நேரமும் ஒன்றுதான். கோச்சின் குரலில் உள்ள ஆர்வம் மாறுவது இதனால்தான்.

அடுத்து, காலியிடக் கணக்கு. அணியின் ரோஸ்டர் (உறுப்பினர் பட்டியல்) பக்கத்தைத் திறந்து, 2025-26 கல்வியாண்டில் இரண்டாம் ஆண்டில் இருப்பவர்களைப் பாருங்கள். அவர்கள் 2028 வசந்தத்தில் வெளியேறுவார்கள். உங்கள் மகள் அந்த ஆகஸ்டில் உள்ளே வருவாள். வெளியேறுபவர்களில் நால்வர் ஸ்பிரின்ட் ஃப்ரீஸ்டைலர்கள் என்றால் அந்தக் கோச்சுக்கு உங்கள் மகள் தேவை. நால்வரும் பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கர்கள், ஸ்பிரின்ட் வரிசை முழுக்க முதலாண்டு மாணவிகள் என்றால் அவர் அன்பாகப் பேசுவார், ஆனால் நகரமாட்டார்.

இந்தக் காலியிடக் கணக்கு 2025-க்குப் பிறகு மிக இறுகிவிட்டது. முன்பு முதல் டிவிஷன் பெண்கள் நீச்சல் அணிக்கு 14 முழு ஸ்காலர்ஷிப் என்பதுதான் உச்சவரம்பு. அதை எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுக்கலாம், அணியின் தலைக்கணக்குக்கு வரம்பு இல்லை. கல்லூரி விளையாட்டு வீரர்களுக்குப் பணம் தருவது பற்றிய ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு 2025 ஜூன் 6-ல் நீதிமன்றம் ஒப்புதல் தந்தபின், அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு ஸ்காலர்ஷிப் வரம்பு போய் ரோஸ்டர் வரம்பு வந்தது. பெண்கள் நீச்சல்-டைவிங்குக்கு 30 பேர். டைவர்களும் இந்த முப்பதுக்குள்தான். நான்கு டைவர்கள் என்றால் மீதி 26. நான்கு ஆண்டுகளுக்குப் பிரித்தால் ஓர் ஆண்டுக்கு ஆறோ ஏழோ இடங்கள். அதிலும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாக வேறு கல்லூரியிலிருந்து மாறி வருபவர்களும் வெளிநாட்டு நீச்சல் வீராங்கனைகளும் ஒன்றிரண்டை எடுத்துக்கொள்வார்கள். முன்பு “ஸ்காலர்ஷிப் இல்லை, ஆனால் அணியில் இரு, வளர்ந்து காட்டு” என்று சேர்த்துக்கொண்ட 31-வது, 35-வது இடங்கள் இக்கல்லூரிகளில் இல்லை. மெதுவாக வளரும் பெண்களுக்கு இது உண்மையான இழப்பு. சமரசத்தில் சேராத கல்லூரிகளில் தலைக்கணக்கு வரம்பு இல்லை, பழைய 14 ஸ்காலர்ஷிப் வரம்பு தொடர்கிறது. எனவே ஒவ்வொரு கோச்சிடமும் முதலில் கேட்கவேண்டிய கேள்வி: “உங்கள் கல்லூரி ஹவுஸ் சமரசத்தில் சேர்ந்திருக்கிறதா? 2028-ல் வருபவர்களுக்கு எத்தனை இடம் வைத்திருக்கிறீர்கள்?”

உங்கள் மகளிடம் உள்ள பெரிய பலம் அவள் நேரத்தைவிட அவள் நீந்தும் பந்தயங்களில் இருக்கிறது. கல்லூரி சாம்பியன்ஷிப்பில் ஐந்து ரிலேக்கள்: 200, 400, 800 ஃப்ரீஸ்டைல், 200, 400 மெட்லி (நால்வரும் நான்கு வேறு பாணியில் நீந்துவது). மொத்தம் இருபது கால்பங்குகள். ஃப்ரீஸ்டைல் ரிலே மூன்றில் பன்னிரண்டு, மெட்லி இரண்டின் கடைசிப் பங்கு இரண்டு, ஆக பதினான்கு ஃப்ரீஸ்டைல். 50, 100, 200 மூன்றையும் நீந்தத் தெரிந்த பெண்ணுக்கு எல்லா அணியிலும் கிராக்கி இருப்பது இதனால்தான். ஒரு சாம்பியன்ஷிப்பில் ஒருத்தி அதிகபட்சம் ஏழு பந்தயம் நீந்தலாம், அதில் தனிப்பந்தயம் மூன்றுக்கு மேல் கூடாது. ஆக அவளுக்கு நல்ல மூன்றாவது தனிப்பந்தயம் இருக்கிறதா என்று கோச் பார்ப்பார். 200 ஃப்ரீயில் 1:49.8 என்பது அந்த வகையில் நல்ல செய்தி. அதை 1:47-க்குக் கொண்டுபோனால் 800 ரிலேயில் இடம் பிடிக்கும் பேச்சு தொடங்கும். அடுத்த எட்டு மாதங்களில் எந்தப் பந்தயத்தில் உழைப்பது என்று கேட்டால், என் தேர்வு 50 அல்ல, 200.

மற்றப் பெண்களுக்கு ஓர் எச்சரிக்கை. பள்ளிப் போட்டிகளில் தனிப்பந்தயம் எட்டே எட்டு: 200 ஃப்ரீ, 200 ஐஎம் (ஒருத்தியே நான்கு பாணியும் நீந்துவது), 50 ஃப்ரீ, 100 பட்டர்ஃப்ளை, 100 ஃப்ரீ, 500 ஃப்ரீ, 100 பேக்ஸ்ட்ரோக், 100 பிரெஸ்ட்ஸ்ட்ரோக். அதிலும் ஒருத்தி இரண்டுதான் நீந்தலாம். 200 பேக், 200 பிரெஸ்ட், 200 பட்டர்ஃப்ளை, 400 ஐஎம், 1650 இவையெல்லாம் கல்லூரியில் புள்ளி தரும் பந்தயங்கள்; பள்ளியில் கிடையவே கிடையாது. 200 பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் அசாத்தியமான பெண் பள்ளிப் பந்தயத்தை மட்டும் நம்பியிருந்தால் யாருக்கும் தெரியாமலே போய்விடுவாள். கிளப் மீட்டுகள் (பள்ளிக்கு வெளியே நீச்சல் கிளப்புகளின் போட்டிகள்) அவசியம் என்பதற்கு இது ஒன்றே போதும். செக்‌ஷனல்ஸ், ஃப்யூச்சர்ஸ், டிசம்பரில் நடக்கும் விண்டர் ஜூனியர்ஸ் ஆகிய பெரிய கிளப் போட்டிகளில் போட்ட நேரத்துக்குக் கோச்சுகளிடம் உள்ள மதிப்பே வேறு. காலையும் மாலையுமாக, கடும் போட்டிக்கு நடுவே, தொடர்ந்து மூன்று நாள் நீந்தியும் நேரம் இறங்குகிறதா என்பது அங்கேதான் தெரியும். கல்லூரி சாம்பியன்ஷிப்பின் வடிவமும் அதுவே.

நேரங்களை எழுதும்போது பலர் செய்யும் பிழை ரிலே ஸ்பிளிட், அதாவது ரிலேயில் ஒருவரின் பங்குக்கு ஆன நேரம். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது ஆளாகக் குதிப்பவர் முன்னவர் சுவரைத் தொடும்போதே காற்றில் இருப்பார். சாதாரண ஸ்டார்ட்டைவிட அரை விநாடிக்கு மேல் மிச்சமாகும். அதைத் தன் 100 நேரமென்று எழுதினால் கோச் உடனே கண்டுபிடித்துவிடுவார், கடிதத்தில் உள்ள மற்ற எதையும் நம்பமாட்டார். ரிலேயில் முதலாவதாக நீந்தியது மட்டும் தனிநேரமாகக் கணக்கில் வரும். ஸ்பிளிட்டையும் குறிப்பிடுங்கள், ஆனால் ஸ்பிளிட் என்று சொல்லியே குறிப்பிடுங்கள். ரிலேயில் வேகம் கூடுகிற பெண்ணைக் கோச்சுகள் விரும்புவார்கள்.

50 மீட்டர் லாங் கோர்ஸ் நேரத்தையும் சேர்த்து எழுதவேண்டும். கல்லூரி நீச்சல் 25 யார்டு, அதாவது 22.86 மீட்டர் குளத்தில் நடக்கிறது. ஸ்டார்ட்டுக்கும் ஒவ்வொரு திருப்பத்துக்கும் பிறகு 15 மீட்டர் வரை தண்ணீருக்கடியில் போகலாம். நீளத்தில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு. ஆகவே திருப்பமும் அடிநீர் உதையும் நன்றாக உள்ளவள் யார்டில் மின்னுவாள். நீண்ட கையிழுப்பு உள்ளவள் லாங் கோர்ஸில் மின்னுவாள். லாங் கோர்ஸில் வலுவாகவும் யார்டில் சற்றுப் பின்தங்கியும் இருக்கும் பெண்ணைப் பார்த்தால் அனுபவமுள்ள கோச் மகிழ்வார். திருப்பத்தைக் கற்றுக்கொடுத்துவிடலாம் என்று அவருக்குத் தெரியும். சென்னையிலோ கொழும்பிலோ இருந்துகொண்டு விண்ணப்பிக்க நினைக்கும் பெண்களுக்கும் இது பொருந்தும். லாங் கோர்ஸ் நேரத்தை அப்படியே அனுப்புங்கள், மாற்றிக் கணக்கிட்ட நேரத்தை மட்டும் அனுப்பாதீர்கள். 100 மீட்டர் ஃப்ரீ 58.0 என்றால் 100 யார்டில் ஏறத்தாழ 51-ஐ ஒட்டி வரும். 400 மீட்டருக்கு இணை 500 யார்டு, 1500 மீட்டருக்கு இணை 1650 யார்டு.

இனி வேலைக்கு வருவோம். ஜூன் 15-க்கு முன் செய்யவேண்டியது இரண்டே. முதலில் முப்பது கல்லூரிகள் கொண்ட பட்டியல்: இன்றைய நேரத்தில் கான்ஃபரன்ஸ் முதல் எட்டுக்குள் வரக்கூடியவை பத்து, 24-க்குள் வரக்கூடியவை பத்து, இன்னும் ஒரு விநாடி இறங்கினால் மட்டுமே எட்டக்கூடியவை பத்து. பிறகு ஒவ்வொன்றின் இணையதளத்திலும் உள்ள ரெக்ரூட் கேள்விப்படிவத்தை நிரப்பி, மகளின் பெயரில், மகளே எழுதிய சிறு மின்னஞ்சல். தலைப்பு வரியிலேயே பள்ளி முடிக்கும் ஆண்டு, பெயர், மூன்று முக்கிய நேரங்கள் இருக்கட்டும். உள்ளே யார்டு நேரங்கள், லாங் கோர்ஸ் நேரங்கள், ஓராண்டுக்கு முன் இருந்த நேரங்கள், வாரத்துக்கு எத்தனை முறை தண்ணீரில் பயிற்சி, எப்போதிலிருந்து எடைப்பயிற்சி, ஜிபிஏ, படிக்க விரும்பும் துறை, அடுத்த பெரிய மீட் எப்போது, கிளப் கோச்சின் தொடர்பு. அதோடு ஏன் இந்தக் கல்லூரி என்று உண்மையாக இரண்டு வரி. பத்து கல்லூரிக்கு ஒரே கடிதத்தைப் பெயர் மாற்றி அனுப்பினால் வாசனை தெரிந்துவிடும். தலைமைக் கோச்சுக்கு மட்டும் அனுப்பாமல் ரெக்ரூட்டிங்கைப் பார்த்துக்கொள்ளும் உதவிக் கோச்சுக்கும் சேர்த்து அனுப்புங்கள். முதலில் திறந்து படிப்பவர் அவர்தான். ஒவ்வொரு பெரிய மீட் முடிந்ததும் இரண்டு வரிச் செய்தி போதும். பதில் வராது, அது விதியின் மௌனம், நிராகரிப்பு அல்ல.

பயிற்சி அளவை எழுதச் சொன்னதில் காரணம் உண்டு. வாரத்துக்கு ஆறு முறை மட்டும் நீந்தி, எடைப்பயிற்சியே தொடாமல் 50.6 போட்டவளும், ஒன்பது முறை நீந்தி மூன்று வருடம் எடை தூக்கி 50.6 போட்டவளும் கோச்சின் கண்ணில் ஒன்றல்ல. முதலாமவளுக்கு இன்னும் இறங்க இடமிருக்கிறது. பெற்றோர் இதை ஒரு குறையென நினைத்து மறைப்பார்கள், மறைக்காதீர்கள்.

காசு வாங்கிக்கொண்டு கல்லூரி சேர்த்துவிடுகிறோம் என்னும் ரெக்ரூட்டிங் நிறுவனங்கள் நீச்சலில் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. கூடைப்பந்தில் திறமையை வீடியோவில் காட்டி வாதாடவேண்டியிருக்கும். நீச்சலில் நேரம் எல்லோருக்கும் திறந்து கிடக்கிறது. ஸ்விம்கிளவுட் தளத்தில் ஒவ்வொரு மாணவியின் நேரமும், அதை வைத்துக் கணக்கிட்ட பவர் இண்டெக்ஸும் இருக்கும் (எண் குறையக் குறைய நல்லது). கோச்சும் அதையேதான் பார்க்கிறார்.

ஜூன் 15 காலையில் தொலைபேசி ஒலிக்காவிட்டால் மகள் உடைந்துபோகக்கூடும். அதை முன்கூட்டியே பேசி வையுங்கள். முதல் வாரத்தில் அழைப்பு மழை பொழிவது நாட்டின் முதல் ஐம்பது பேருக்குத்தான். மற்றவர்களுக்குப் பேச்சு ஜூலையிலும் இலையுதிர் காலத்திலும், சிலருக்கு டிசம்பர் மீட்டுக்குப் பிறகும் தொடங்கும். வரும் அழைப்புகளில் மகள்தான் பேசவேண்டும். பெற்றோர் பக்கத்தில் உட்கார்ந்து விடை சொல்லிக்கொடுத்தால் கோச்சுக்குக் கேட்டுவிடும்.

ஆகஸ்ட் 1-க்குப் பிறகு வரும் அஃபீஷியல் விசிட் கல்லூரியின் செலவில் நடப்பது: பயணம், தங்கல், சாப்பாடு. 2023 முதல் மொத்த விசிட்டுகளுக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை, ஒரு கல்லூரிக்கு ஒருமுறை. தலைமைக் கோச் மாறினால் மட்டும் அதே கல்லூரிக்கு இரண்டாவது முறை. ஆனால் பதினோராம் வகுப்பின் செப்டம்பர், அக்டோபரில் ஐந்துக்கு மேல் போனால் படிப்பும் பயிற்சியும் சிதறும். விசிட்டில் இரவு தங்குவது அணிப் பெண்களோடு. கோச் இல்லாத நேரத்தில் அவர்கள் பேசுவதைக் கவனிக்கச் சொல்லுங்கள். யார் காயத்தில் இருக்கிறார்கள், காயத்தில் இருப்பவளைக் கோச் எப்படி நடத்துகிறார், சென்ற ஆண்டு எத்தனை பேர் விலகினார்கள் என்று கேட்கட்டும். விதிப்படி பயிற்சிக்கு வாரத்துக்கு 20 மணி நேரம், ஒரு நாளைக்கு 4 மணி நேரம் என்பது உச்சம். “விருப்பப் பயிற்சி” என்ற பெயரில் உண்மையில் எவ்வளவு என்பதை அந்தப் பெண்கள்தான் சொல்வார்கள்.

விசிட்டைவிட நம்பகமான ஒரு சோதனை இருக்கிறது. அதை மிகச் சிலரே செய்கிறார்கள். அந்த அணியின் மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவிகள் எட்டுப் பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் பள்ளியில் போட்ட சிறந்த நேரம் என்ன, கல்லூரியில் போட்ட சிறந்த நேரம் என்ன? ஸ்விம்கிளவுடில் அரைமணி நேர வேலை. எட்டில் ஆறு பேர் வேகமாகியிருந்தால் அங்கே நீச்சல் கற்றுத்தருகிறார்கள். எட்டில் ஐந்து பேர் தங்கள் பதினேழு வயது நேரத்தைத் திரும்பத் தொடவே இல்லை என்றால், அந்த அணி நல்ல பெண்களைச் சேர்க்கத் தெரிந்த அணி, வளர்க்கத் தெரிந்த அணி அல்ல. உங்கள் மகளின் பந்தயத்துக்கு இதைத் தனியாகப் பாருங்கள். தூரப்பந்தயக்காரர்களை வளர்க்கும் கோச் ஸ்பிரின்டர்களைச் சோர்வடித்துவிடுவதுண்டு.

பெண்களின் நீச்சலுக்கே உரிய ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாகவேண்டும். பையன்களின் நேரம் பதினெட்டு வயது வரை பெரும்பாலும் தானாகவே இறங்கிக்கொண்டு போகும். பெண்களுக்குப் பதிமூன்றிலிருந்து பதினாறுக்குள் உடல் மாறும்போது நேரம் ஓராண்டோ இரண்டாண்டோ அப்படியே நின்றுவிடுவது மிகச் சாதாரணம். நல்ல கோச்சுக்கு இது தெரியும். அந்தத் தேக்கத்துக்குப் பிறகு வரும் இறக்கத்தைத்தான் அவர் தேடுகிறார். இந்தச் சமயத்தில் எடையைக் குறைத்தால் வேகம் வரும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சாப்பாடு பயிற்சிக்குப் போதாமல் போனால் மாதவிடாய் நிற்கும், எலும்பு பலவீனமாகும், இரும்புச்சத்து இறங்கும், நேரமும் கெடும். தொடர்ந்து களைப்பு என்றால் ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பு) பரிசோதனை செய்துபாருங்கள். கோச்சிடம் நேராகக் கேளுங்கள்: எடை பார்க்கும் வழக்கம் உண்டா, உணவு ஆலோசகர் இருக்கிறாரா, தோள்வலி வந்தால் முதலில் பார்ப்பது யார்? இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்கும் கோச்சிடம் மகளை நான்கு வருடம் ஒப்படைக்கவேண்டாம்.

பணம். முழு ஸ்காலர்ஷிப் என்பது நீச்சலில் மிகச் சிலருக்கே. புதிய விதிப்படி முப்பது பேருக்கும் முழுதாகக் கொடுக்க அனுமதி உண்டு. பெரும்பாலான கல்லூரிகளிடம் அதற்குப் பணம் இல்லை. பகுதி ஸ்காலர்ஷிப்தான் வழக்கம், அதோடு படிப்புக்கான உதவித்தொகை சேரும். கோச் “ஐம்பது சதவீதம்” என்றால் எதில் ஐம்பது என்று கேளுங்கள். கல்விக்கட்டணத்திலா, விடுதியும் சாப்பாடும் சேர்ந்த மொத்தச் செலவிலா? ஆண்டுக்கு 80,000 டாலரைத் தாண்டும் தனியார் பல்கலைக்கழகத்தில் இவ்விரண்டுக்கும் உள்ள இடைவெளி பல ஆயிரம். ஓராண்டுக்கா நான்காண்டுக்கா, காயம் பட்டால் தொடருமா, நேரம் இறங்கினால் கூடுமா, படிப்பு உதவித்தொகையோடு சேர்த்து வாங்கலாமா என்று கேட்டு, டாலர் கணக்கில் எழுத்தில் வாங்குங்கள். வெளிமாநில அரசுப் பல்கலைக்கழகத்தின் 40 சதவீத ஸ்காலர்ஷிப்பைவிடச் சொந்த மாநிலப் பல்கலைக்கழகத்தின் 10 சதவீதம் மலிவாக முடிவது உண்டு.

ஐவி லீக்கின் எட்டுப் பல்கலைக்கழகங்களும் விளையாட்டு ஸ்காலர்ஷிப் தருவதில்லை. ஹவுஸ் சமரசத்திலும் சேரவில்லை. ஆனால் குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவி தாராளம். ஹார்வர்டில் 2025-26 முதல் ஆண்டு வருமானம் 2 லட்சம் டாலர் வரை உள்ள குடும்பங்களுக்குக் கல்விக்கட்டணம் இல்லை, 1 லட்சம் டாலர் வரை என்றால் விடுதி, சாப்பாடும் இலவசம். அங்கே 50.6 இப்போதே பேச்சுக்கு வரக்கூடிய நேரம். பதினோராம் வகுப்பு முடிந்த ஜூலையில் கோச் மதிப்பெண் பட்டியலும் தேர்வு மதிப்பெண்ணும் வாங்கி அட்மிஷன் அலுவலகத்தில் முன்கூட்டிக் காட்டுவார். அதற்குப் பெயர் ப்ரீ-ரீட். அது நன்றாக வந்தால் ஆதரவு தருவார், அக்டோபர் 1-லிருந்து லைக்லி லெட்டர் (அட்மிஷன் அநேகமாக உறுதி என்று அலுவலகம் அனுப்பும் கடிதம்) வரலாம். கோச்சின் வாய்வார்த்தை அட்மிஷன் அல்ல. அந்தக் கடிதம் வரும்வரை மற்ற கதவுகளை மூடாதீர்கள்.

மூன்றாம் டிவிஷனைத் தாழ்வாக நினைப்பது நம்மவர்களிடம் உள்ள பெரிய தவறு. எம்ஐடி, எமரி, வில்லியம்ஸ், கென்யன் எல்லாம் அங்கேதான். கென்யன் பெண்கள் அணி 1984 முதல் 2000 வரை தொடர்ந்து பதினேழு முறை தேசியப் பட்டம் வென்றது. விளையாட்டுக்கென்று பணம் கிடையாது, படிப்புக்கும் தேவைக்கும் உண்டு. 50.6 நீந்தும் பெண் இங்கே தேசியப் போட்டியைக் கனவு காணலாம். பெரிய கான்ஃபரன்ஸில் கடைசி லேனில் பயிற்சி எடுப்பதைவிட இது அவளை அதிகம் நீந்தவைக்கும். இரண்டாம் டிவிஷனில் பெண்கள் நீச்சலுக்கு 8.1 ஸ்காலர்ஷிப் வரை பிரித்துத் தரலாம்.

தகுதிப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் டிவிஷனுக்கு 16 கோர் பாடங்கள் (என்சிஏஏ ஏற்கும் அடிப்படைப் பாடங்கள்), அவற்றில் ஜிபிஏ 2.3-க்குக் குறையக்கூடாது. பதினாறில் பத்து, பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் முன்பே முடிந்திருக்கவேண்டும். அந்தப் பத்தில் ஏழு ஆங்கிலம், கணிதம், அறிவியலில். எஸ்ஏடி, ஏசிடி மதிப்பெண் என்சிஏஏ தகுதிக்கு 2023 முதல் தேவையில்லை. கல்லூரி அட்மிஷனுக்குத் தேவைப்படலாம். ஆன்லைனில் எடுத்த பாடம் கோர் பாடமாக ஏற்கப்படுமா என்று பள்ளி ஆலோசகரிடம் எடுக்கும் முன்பே கேளுங்கள். நல்ல மாணவிகள்கூட இங்கே சறுக்குகிறார்கள். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் ஒன்பதாம் வகுப்பிலிருந்து எல்லா மதிப்பெண் பட்டியலும் வைத்திருக்கவேண்டும். எஃப்-1 விசாவில் படிப்பவர்கள் விளம்பர வருமானத்தில் கை வைக்கும் முன் குடிவரவு வழக்கறிஞரைக் கேட்பது கட்டாயம்.

நாட்டின் உச்சியில் உள்ளவர்களுக்குக் கணக்கு வேறாக இருந்தது. 2021 ஜூலைக்கு முன் ஒரு விளம்பர ஒப்பந்தம் எடுத்தால் கல்லூரி நீச்சல் போயிற்று. மிஸ்ஸி ஃபிராங்க்ளின் ஒலிம்பிக் தங்கங்களுக்குப் பிறகும் பணத்தை ஒதுக்கிவிட்டு கலிஃபோர்னியா பெர்க்லியில் இரண்டு பருவங்கள் நீந்தினார். கேட்டி லெடெக்கி ஸ்டான்ஃபோர்டில் இரண்டு பருவங்களோடு தொழில்முறைக்கு மாறினார். இப்போது இரண்டும் சேர்ந்தே நடக்கும். கிரெட்சன் வால்ஷ் வர்ஜீனியாவில் நான்கு ஆண்டும் நீந்தி, 2025-ல் 100 யார்டு பட்டர்ஃப்ளையை 46.97-ல் முடித்தார். 2021 முதல் 2025 வரை அந்த அணி தொடர்ந்து ஐந்து தேசியப் பட்டங்கள் வென்றதும், உச்சத்தில் உள்ள பெண்கள் இடையில் ஓடிவிடாமல் நான்காண்டும் தங்கியதும் தொடர்புள்ளவையே.

கடைசியாக, கமிட் செய்வது. பதினோராம் வகுப்பின் இலையுதிர் காலத்தில் மகள் “வருகிறேன்” என்று சொல்வது வாய்வார்த்தை. இரு தரப்பையும் கட்டாது. பன்னிரண்டாம் வகுப்புக்கு முந்தைய ஆகஸ்ட் 1-லிருந்து எழுத்தில் ஆஃபர் வரலாம், நவம்பரில் கையெழுத்து. உங்களுக்கு அது 2027 நவம்பர். மாணவியையும் கல்லூரியையும் கட்டிய பழைய நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட் 2024 அக்டோபரில் ஒழிந்தது. இப்போது கையெழுத்தாவது பண உதவி ஒப்பந்தம்தான். ஸ்காலர்ஷிப் இல்லாமல் அணியில் சேர்பவளுக்குக் கையெழுத்திட எதுவுமே இல்லை. அவளுக்குப் பாதுகாப்பு அட்மிஷன் கடிதம் மட்டும். ஆகவே அவள் கோச்சிடம் மின்னஞ்சலில் கேட்டு வைக்கவேண்டும்: முப்பதில் என் இடம் உறுதியா, எந்த நேரத்துக்குக் கீழே இறங்கினால் தக்கவைத்துக்கொள்வேன், முதலாண்டு முடிவில் மறுபரிசீலனை உண்டா? கமிட் செய்ததற்கும் சேர்வதற்கும் இடையில் இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன. அதற்குள் கோச் வேறு கல்லூரிக்குப் போவது அடிக்கடி நடக்கிறது. தலைமைக் கோச் போனால் புதியவரிடம் அதே வாரத்தில் மகள் பேசவேண்டும், பழைய வாக்கு செல்லுமா என்று எழுத்தில் வாங்கவேண்டும், பட்டியலில் இரண்டாவது, மூன்றாவதாக இருந்த கோச்சுகளின் எண்களை அழித்துவிடாமல் வைத்திருக்கவேண்டும்.